லப்டொப் முழித்தது, வைபை முழிக்கவில்லை

இலங்கையில் 2022 யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் பதிவு தொடங்கியபோது, என் கடை வாசலில் காலை ஆறரைக்கே ஆட்கள் வந்து நிற்பார்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில் சின்னக் கடை. போட்டோக்கொப்பி, தட்டச்சு, ரீலோட், விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் செய்வேன். ஊரில் கொமினிகேசன் என்றுதான் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். அந்த 4 லீற்றருக்காக வாகனப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, முத்தையன்கட்டுப் பக்கமிருந்துகூடச் சைக்கிள் மிதித்து வந்தார்கள். சிறுபோக வெட்டு நெருங்கிய நேரம். ஒவ்வொருவருக்கும் வயலில் வேலை காத்துக்கிடந்தது.

மின்வெட்டும் இருந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது, யூலையில் மூன்று மணித்தியாலம் அளவுக்குக் குறைந்திருந்தது. ரவுட்டரை ஒரு 12 வோல்ட் பற்றரியில் கொழுவி வைத்திருந்தேன். லப்டொப் தன் பற்றரியில் ஓடும். அதைக் கொஞ்சமாவது மிச்சம் பிடிக்க, கை ஓய்ந்த நேரமெல்லாம் மூடியை மூடிவிடுவேன். மூடினால் சஸ்பென்ட் ஆகும், அதாவது தூங்கும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து வரும். அப்படித்தான் வரவேண்டும். ஆனால் பத்துத் தரம் திறந்தால் நாலைந்து தரம் திரை வரும், எழுதிக்கொண்டிருந்த பக்கம் வரும், வைபை மட்டும் வராது. பக்கத்துக் கடைக்காரரின் வலையின் பெயர்கூடப் பட்டியலில் இருக்காது. எனக்கு அப்போது தெரிந்த ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட்.

ஒருநாள் வந்த ஐயாவை என்னால் மறக்க முடியவில்லை. வாகனப் புத்தகத்தில் செசி இலக்கம் மங்கிப்போயிருந்தது. பென்சிலால் யாரோ மேலே எழுதியிருந்தார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்து, அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் அடித்து முடித்தேன். பிறகு ஏதோ உறுதிப்படுத்த மகனுக்குப் போன் எடுக்க வெளியே போனார். சிக்னல் கிடைக்க அவர் வேப்பமரத்தடி வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. கரண்டும் இல்லை, பற்றரியும் 20 வீதத்துக்குக் கீழே. பழக்கத்தில் மூடியை மூடினேன். அவர் திரும்பி வந்து கேட்டார்: "பிள்ளை, நெற் இருக்கோ?" திறந்தேன். இல்லை. ரீஸ்டார்ட் செய்து, பக்கத்தைத் திரும்பத் திறந்து, திரும்ப ஓடிபி எடுத்து, திரும்பச் செசி இலக்கத்தை அடித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையில் இருந்து பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். அன்று இரவு முடிவெடுத்தேன், இது என்னவென்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று.

லப்டொப் 2020ஆம் ஆண்டுக் காலத்தது, வெளிநாட்டிலிருக்கும் மாமா அனுப்பியது. அதில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 20.3 என்ற இயங்குதளம் போட்டிருந்தேன். அதன் கேர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் மையப் பகுதி, 5.4. பெரியம்மாவின் மகன் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். அந்தச் சனிக்கிழமை அவன் வந்தபோது வைபை போன நிலையில்தான் இருந்தது. நான் வழமைபோல ரீஸ்டார்ட் பொத்தானுக்குப் போனேன். "அக்கா, தொடாதேங்கோ. பிழை இருக்கிற நேரத்திலதான் பிழையைப் பார்க்கலாம்" என்றான். இந்த விசயத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாடம் அது. லொக்கில், அதாவது கணினி நடந்ததை எழுதி வைக்கும் பதிவில், எழுதியது ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் மிஞ்சும். ஆனால் வைபை கார்ட் இப்போது என்ன நிலையில் கிடக்கிறது என்பது போய்விடும்.

இனி வருவதில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். டேர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில், பிழை எந்த இடத்தில் என்று பிரித்தெடுக்க வேண்டும். நெற் இல்லை என்கிற ஒரே பேச்சுக்குள் நாலு விதமான வியாதி இருக்கும். போனில் அதே வைபையைப் பிடித்துப் பாருங்கள். போனில் வேலை செய்தால் ரவுட்டர் பிழையில்லை. பிறகு ஆர்எப்கில் லிஸ்ட் என்று அடித்தால், வானலை மென்பொருளாலோ ஆளியாலோ தடுக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். சில லப்டொப்களில் சஸ்பென்டுக்குப் பிறகு அந்தத் தடை தானாக விழுந்துவிடும். அது தடை எடுத்துவிட்டால் தீரும். மூன்றாவது என்எம்சிஎல்ஐ ஜெனரல். அதில் நிலை அஸ்லீப் என்று வந்தால், வலை இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வேர்க் மனேஜர் இன்னும் தான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. என்எம்சிஎல்ஐ நெட்வேர்க்கிங் ஒஃப், பிறகு ஒன். அவ்வளவுதான், ட்ரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, தொடத் தேவையில்லை. என்னுடையதில் இந்த மூன்றும் சரியாக இருந்தன.

நாலாவது எல்எஸ்பிசிஐ. அதற்கு ஹைபன் போட்டு என்என்கே சேர்த்தால், ஒவ்வொரு கார்டுக்கும் கீழே இப்போது எந்த ட்ரைவர் பிடித்திருக்கிறது என்று ஒரு வரி வரும். இன்டெல் வைபை என்றால் பெரும்பாலும் ஐடபிள்யூஎல்வைபை. பழைய அதரோஸ் கார்டுகளில் ஏடிஎச்9கே வரும். கம்பி வலைக்குப் பல கணினிகளில் ஆர்8169. என்னுடையதில் 5.4 கேர்னலில் வந்த மொடியூல் பெயர், அதாவது கழற்றிப் பூட்டக்கூடிய ட்ரைவர் துண்டின் பெயர், ஆர்டிடபிள்யூபிசிஐ. இந்தப் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், இனி எல்லாமே இதை வைத்துத்தான். இன்னொன்றும் பார்க்க வேண்டும். கார்டின் வரிக் கடைசியில் ரெவ் என்பதற்குப் பக்கத்தில் எஃப்எஃப் என்று வந்திருந்தால், கார்ட் பதில் சொல்லவே இல்லை என்று அர்த்தம். அதற்கு மின்சாரமோ பாதையோ இல்லை. கேர்னல் கேட்ட கேள்விக்கு வெறும் ஒன்றுகளாகத் திரும்பியதைத்தான் அது எஃப்எஃப் என்று காட்டுகிறது. எனக்கு இப்படி இரண்டு தரம்தான் வந்தது. மற்ற நேரமெல்லாம் கார்ட் பட்டியலில் ஒழுங்காக இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை.

அப்புறம் லொக். ஜேர்னல்சிடிஎல் -பி -கே என்று அடித்தால் இந்தத் தொடக்கத்திலிருந்து கேர்னல் சொன்னதெல்லாம் வரும். மேலிருந்து வாசிக்கத் தேவையில்லை. பிஎம் சஸ்பென்ட் என்ட்ரி என்கிற வரியைத் தேடுங்கள், அதற்குக் கீழே பிஎம் சஸ்பென்ட் எக்சிற். இந்த இரண்டுக்கும் நடுவிலும், எக்சிற்றுக்குப் பிறகு வரும் பத்து இருபது வரியிலும்தான் விசயம் இருக்கும். அங்கே என் ட்ரைவரின் பெயரோடு ஒரு வரி கிடந்தது: ஃபெயில்ட் டு பவர் ஒன் மெக். வைபை கார்டின் மெக் பகுதிக்கு உயிர் கொடுக்கப் பார்த்தேன், முடியவில்லை என்று ட்ரைவரே ஒத்துக்கொள்கிறது. எஃப்எஃப் வந்த நாட்களில் வேறு வரி. டி3கோல்ட் நிலையிலிருந்து டி0 நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை, சாதனம் கைக்கு எட்டவில்லை என்ற பொருளில் வரும். டி0 என்றால் முழு விழிப்பு, டி3கோல்ட் என்றால் மின்சாரமே அறுந்த தூக்கம்.

இதை வாசித்த பிறகுதான் சஸ்பென்ட் என்றால் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. மூடியை மூடினதும் கேர்னல் ஒவ்வொரு ட்ரைவரையும் கூப்பிட்டு, உன் சாதனத்தைத் தூங்கப் போடு என்கிறது. திறந்ததும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, எழுப்பு என்கிறது. ஆழ்ந்த தூக்கம் என்றால் ரம் என்கிற நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் மிஞ்சும், மற்றதெல்லாம் ஏறக்குறைய அணைந்துவிடும். வைபை கார்டுக்குள் தனியாக ஒரு சின்னக் கணினியே இருக்கிறது. அது ஓடுவதற்கான பர்ம்வெயார் கார்டில் நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு தரமும் ட்ரைவர்தான் அதைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். மின்சாரம் அறுந்து வந்த கார்டை, அறுந்தது என்று தெரிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வரிசையில் ஒரு படி தவறினாலும் திரை வரும், விசைப்பலகை வரும், வைபை மட்டும் கிடந்துவிடும். மற்றவை அதற்காகக் காத்திருக்காது. ஆகவே நெட்வேர்க் மனேஜரை எத்தனை தரம் மறுபடி தொடக்கினாலும் பயனில்லை, அது மேல்மாடி. பிழை அத்திவாரத்தில்.

எந்தத் தூக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். சிஸ் என்ற கோப்புறைக்குள் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்று ஒரு கோப்பு. கட் (பூனைக்கான ஆங்கிலச் சொல்) கட்டளையால் திறந்தால் எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு சொல் வரும். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது பயன்பாட்டில் உள்ளது. டீப் என்பது நான் மேலே சொன்ன ஆழ்ந்த தூக்கம். எஸ்2ஐடில் என்பது கோழித்தூக்கம், சாதனங்கள் குறைந்த சக்தியில் கிடக்கும், மின்சாரம் முழுவதாக அறாது. சில புதிய லப்டொப்களில் டீப் என்ற சொல்லே வராது, அவற்றில் எஸ்2ஐடில் மட்டும்தான். என்னுடையதில் இரண்டும் இருந்தன, டீப் தெரிவாகியிருந்தது. ரூட் என்கிற நிர்வாகி உரிமையோடு எஸ்2ஐடில் என்று அந்தக் கோப்பில் எழுதிப் பார்த்தோம். பன்னிரண்டு தரம் மூடித் திறந்தோம், பன்னிரண்டு தரமும் வைபை வந்தது. சந்தோசமாக இருந்தது. ஆனால் இரண்டு மணித்தியாலம் மூடி வைத்துப் பார்த்தபோது பற்றரி 9 வீதம் இறங்கியிருந்தது. மின்வெட்டுக் காலத்தில் அது பெரிய இழப்பு. கரண்ட் ஒழுங்காக உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு இதுவே போதும். கணினியைத் தொடக்கிவிடும் கிரப்பின் அமைப்பில் மெம்_ஸ்லீப்_டிஃபோல்ட் என்பதற்கு எஸ்2ஐடில் என்று கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

தம்பி இன்னொரு சோதனை காட்டினான். இதைப் பலர் செய்வதில்லை, செய்ய வேண்டும். அதே பவர் கோப்புறையில் பிஎம்_டெஸ்ட் என்று ஒரு கோப்பு. அதில் டிவைசஸ் என்று எழுதிவிட்டுச் சஸ்பென்ட் செய்தால், கணினி உண்மையில் தூங்காது. ட்ரைவர்களை மட்டும் தூங்கச் சொல்லி, ஐந்து விநாடி பொறுத்து, எழுப்பிவிடும். என் வைபை இந்தச் சோதனையில் ஒரு தரமும் தவறவில்லை. அதாவது ட்ரைவரின் தூங்கு எழும்பு பாடம் அதற்குத் தெரியும். உண்மையாக மின்சாரம் அறுந்தால்தான் தடுமாறுகிறது. தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்தது. சோதனை முடிந்ததும் அந்தக் கோப்பில் நன் என்று எழுத மறக்காதீர்கள், இல்லாவிட்டால் லப்டொப் அதன் பிறகு தூங்காமலே இருக்கும்.

அடுத்தது எல்லோரும் சொல்கிற வைத்தியம்: ட்ரைவரைக் கழற்றித் திரும்பப் பூட்டு. மொட்ப்ரோப் -ஆர் ஆர்டிடபிள்யூபிசிஐ, பிறகு மொட்ப்ரோப் ஆர்டிடபிள்யூபிசிஐ. எழும்பின பிறகு இதைச் செய்தபோது சில தரம் வந்தது, சில தரம் முதல் கட்டளையே முடியாமல் தொங்கியது. தொங்கினால் கொன்ட்ரோல் சியும் கேட்காது. காரணம் பிறகு விளங்கியது. கழன்று போகும்போது ட்ரைவர் கார்டோடு கதைத்து விடைபெறப் பார்க்கிறது. கார்டோ பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஆகவே கழற்றவேண்டிய நேரம் எழும்பின பிறகு இல்லை, தூங்குவதற்கு முன்பு. கார்ட் உயிரோடு இருக்கும்போதே ட்ரைவரைக் கழற்றிவிட்டால் எழும்பும்போது அது புதுக் கார்டைப் பார்ப்பதுபோல் முதலிலிருந்து தொடங்கும்.

இதைத் தானாகச் செய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் எழுதிய கோப்பு, வேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு கிழமை வீணாகப் போனது, மற்றவர்களுக்கு அது போகக் கூடாது என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

பழைய வழிகாட்டிகளில் ஈடிசி கோப்புறைக்குள் பிஎம், அதற்குள் ஸ்லீப்.டி என்ற இடத்தில் போடச் சொல்லியிருக்கும். அல்லது சஸ்பென்ட்_மொடியூல்ஸ் என்று ஒரு வரி எழுதச் சொல்லும். அதெல்லாம் முன்பு தூக்கத்தைக் கவனித்த பிஎம்-யூட்டில்ஸ் காலத்துக் கதை. உபுண்டு 2015இல் வந்த 15.04 பதிப்போடு சிஸ்டம்டி என்ற புது நிர்வாக மென்பொருளுக்கு மாறிவிட்டது, மின்டும் அதன் மேல்தான் நிற்கிறது. சிஸ்டம்டி அந்தக் கோப்புறையைத் திரும்பியும் பார்க்காது. பிழை என்றுகூடச் சொல்லாது. போட்ட ஸ்கிரிப்ட் அமைதியாகக் கிடக்கும். சரியான இடம் யூஎஸ்ஆர், லிப், சிஸ்டம்டி, சிஸ்டம்-ஸ்லீப் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் கோப்புறை. அங்கே உள்ள ஸ்கிரிப்டைச் சிஸ்டம்டி தூங்கும் முன்பு ப்ரீ என்ற சொல்லோடும், எழும்பின பிறகு போஸ்ட் என்ற சொல்லோடும் கூப்பிடும். ஆகவே ஸ்கிரிப்டில் இரண்டே விசயம்: முதல் சொல் ப்ரீ என்றால் கழற்று, போஸ்ட் என்றால் பூட்டு. ஆறு வரிக்கு மேல் வராது.

இடம் சரியாகியும் வேலை செய்யவில்லை. சிஎச்மொட் பிளஸ் எக்ஸ் கொடுக்கவில்லை, அதாவது ஓடும் அனுமதி இல்லை. கொடுத்தேன்.

பிறகும் வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். உண்மையில் அப்போது ஸ்கிரிப்ட் சரியாகத்தான் இருந்தது, நான் சோதித்த முறைதான் பிழை. ஒவ்வொரு தரமும் மூடியைக் கையால் மூடித் திறக்க அலுத்து, ஆர்டிசிவேக் என்ற கட்டளையை எடுத்தேன். எத்தனை விநாடியில் எழும்ப வேண்டும் என்று கடிகாரத்தில் அலாரம் வைத்துத் தூங்கப் போடுகிற நல்ல கட்டளை அது. ஆனால் -எம் மெம் என்று கொடுத்தால் அது நேரடியாகக் கேர்னலிடம் போய்த் தூங்கச் சொல்லிவிடும். சிஸ்டம்டிக்கு விசயமே தெரியாது, ஸ்கிரிப்டையும் யாரும் கூப்பிட மாட்டார்கள். -எம் நோ என்று கொடுத்தால் அலாரத்தை மட்டும் வைக்கும். பிறகு சிஸ்டம்சிடிஎல் சஸ்பென்ட் என்று நாமே தூங்கப் போட வேண்டும். அப்போது எல்லாம் உரிய வழியில் போகும். இப்படிச் செய்த முதல் இரவிலேயே வைபை ஒழுங்காக எழும்பத் தொடங்கியது.

ஒரு தரம் வந்தால் தீர்ந்தது என்று விடாதீர்கள். பத்துக்கு நாலு தரம் வருகிற பிழை, மூன்று தரம் தொடர்ந்து வராமல் இருப்பது பெரிய அதிசயமில்லை. நான் ஒரு சின்னச் சுற்று எழுதினேன். நாற்பது விநாடித் தூக்கம், எழும்பின பின் இருபது விநாடி பொறுத்து, பதில் வருகிறதா என்று ரவுட்டரின் முகவரிக்கு ஒரு பிங், முடிவைத் திகதி நேரத்தோடு கோப்பில் ஒரு வரி. இரவு சாப்பிட்டுவிட்டு ஓடவிட்டேன். இருட்டில் திரை வெளிச்சம் வருவதும் அணைவதுமாக இருந்தது, அம்மா வந்து கரண்ட் பிழையோ என்று கேட்டுவிட்டுப் போனார். முப்பது வரியும் சரி. மறுநாள் சார்ஜர் கழற்றி அதே சோதனை. அதற்கடுத்த நாள் இரண்டு மணித்தியாலம் தூங்கவிட்டு ஒரு தரம். சார்ஜரோடு ஒரு மாதிரியும் பற்றரியில் வேறு மாதிரியும் சக்தி சேமிக்கிற லப்டொப்கள் உண்டு. நீண்ட தூக்கத்தில் மட்டும் வரும் பிழையும் உண்டு. கடையில் ஆட்களுக்கு முன்னால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு விருப்பமில்லை.

இதெல்லாம் சரிவரும் வரைக்கும் வரிசை நிற்கவில்லை, வேலையும் நடக்க வேண்டுமே. அந்த நாட்களில் இரண்டு விசயம் கைகொடுத்தது. ஒன்று, மூடியை மூடினால் திரை மட்டும் அணையும்படி பவர் மனேஜரில் மாற்றிவிட்டேன். பற்றரி கொஞ்சம் கூடப் போகும், ஆனால் பாதி நிரப்பிய படிவம் தப்பும். மற்றது போன். யூஎஸ்பி வயரில் போனை இணைத்து டெதரிங் போட்டால், அது வைபை கார்டின் பக்கமே போகாது. வேறு ட்ரைவர், வேறு பாதை. வைபை செத்துக் கிடக்கும்போதும் அது வரும். ட்ரைவர் பிரச்சினை உள்ள எவரும் ஒரு நல்ல டேட்டா வயரை மேசை இழுப்பறையில் வைத்திருக்க வேண்டும். திருத்தம் இறக்குவதற்கே நெற் வேண்டும் அல்லவா.

எஃப்எஃப் வந்த இரண்டு தரமும் வேறு விதமாகக் கையாள வேண்டியிருந்தது. சிஸ், பஸ், பிசிஐ, டிவைசஸ் என்று போனால் ஒவ்வொரு கார்டுக்கும் எண்ணோடு ஒரு கோப்புறை இருக்கும். எந்த எண் என்பதை எல்எஸ்பிசிஐ வரியின் தொடக்கம் சொல்லும். அதற்குள் ரிமூவ் என்ற கோப்பில் 1 எழுதினால் கேர்னல் அந்தக் கார்டை மறந்துவிடும். பிறகு பிசிஐ கோப்புறையில் உள்ள ரீஸ்கேன் கோப்பில் 1 எழுதினால் திரும்பத் தேடும். ஒரு தரம் கார்ட் திரும்பி வந்தது. மற்றத் தரம் வரவில்லை, ரீஸ்டார்ட்டிலும் வரவில்லை. முழுவதாக அணைத்து, சார்ஜரையும் கழற்றி, கொஞ்சம் பொறுத்துப் போட்டதும்தான் வந்தது. இலக்கத்தைப் பிழையாக எழுதினால் வேறு சாதனம் போய்விடும், எஸ்எஸ்டிகூட அந்தப் பட்டியலில்தான் இருக்கும். இரண்டு தரம் பார்த்து எழுதுங்கள்.

டிசம்பரில், மழை விட்ட ஒரு கிழமையில், மின்ட் 21க்கு மாறினேன். கேர்னல் 5.15. முதல் நாளே வைபை எழும்பவில்லை. இந்த முறை பதற்றமில்லை, நேரே லொக்கைப் பார்த்தேன். ஆர்டிடபிள்யூபிசிஐ என்று ஒரு மொடியூலே இல்லை என்று மொட்ப்ரோப் சொல்லியிருந்தது. கேர்னலில் அந்த ட்ரைவரைப் பிரித்துப் பெயர் மாற்றியிருக்கிறார்கள். இப்போது ஆர்டிடபிள்யூ88_8822சிஈ, அதற்குக் கீழே ஆர்டிடபிள்யூ88_பிசிஐ, ஆர்டிடபிள்யூ88_கோர் என்று பல துண்டு. புதுப் பெயரைப் போட்டுவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் ஸ்கிரிப்ட் ஒரு முட்டுத்தான். மதில் இன்னும் சாய்கிறதா என்று முட்டை எடுத்துத்தானே பார்க்க வேண்டும். ஸ்கிரிப்டை நீக்கிச் சுற்றை ஓடவிட்டேன். இருபதுக்கு மூன்று தரம் தவறியது. முந்தியதிலும் பார்க்கப் பெரிய முன்னேற்றம், ஆனால் தீரவில்லை.

தம்பி போனில் சொன்னான், ஏஎஸ்பிஎம்மை அந்தக் கார்டுக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கோ என்று. கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை, போக்குவரத்து இல்லாத நேரம் தானும் சக்தி குறைத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஏஎஸ்பிஎம் என்று பெயர். சில கார்ட், சில மதர்போர்ட் சேர்க்கையில் அந்தப் பாதை நேரத்துக்கு எழும்புவதில்லை. ஈடிசிக்குள் மொட்ப்ரோப்.டி கோப்புறையில், கடைசியில் புள்ளி கொன்ஃப் வரும்படி ஒரு கோப்பு. அதில் ஒரே வரி: ஒப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ டிஸ்ஏபிள்_ஏஎஸ்பிஎம்=1. ரீஸ்டார்ட் செய்த பிறகு, சிஸ், மொடியூல், ஆர்டிடபிள்யூ88_பிசிஐ, பராமீற்றர்ஸ் என்று போய் அந்தக் கோப்பைத் திறந்தால் ஒய் என்று வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எழுத்துப் பிழை. எனக்கு வந்தது. நாற்பது தரம் ஓடவிட்டேன், நாற்பதும் சரி. ஸ்கிரிப்டைத் திரும்பப் போடவில்லை.

பலர் இதற்குப் பதிலாகக் கேர்னல் வரியிலேயே பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஒஃப் போடச் சொல்வார்கள். அது ஒரு கார்டுக்கு மட்டுமில்லை, முழுக் கணினிக்கும். கேர்னல் ஏஎஸ்பிஎம்மைத் தொடாமல் விடும், பயோஸ் வைத்தது அப்படியே கிடக்கும். சோதனைக்கு ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம். வைபை.பவர்சேவ் என்பதை 2 ஆக்கு என்ற ஆலோசனையும் அடிக்கடி வரும். அது நெட்வேர்க் மனேஜரின் அமைப்பு, எழும்பின வைபை மந்தமாக இருந்தாலோ அடிக்கடி விட்டுவிட்டுப் போனாலோ உதவும். எழும்பவே இல்லாத கார்டுக்கு அது எந்த உதவியும் செய்யாது. இரண்டு மூன்றை ஒரேயடியாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும். நான் ஒரு மாற்றம், ஒரு சுற்று, கொப்பியில் ஒரு வரி என்றே போனேன்.

வாய்மொழியாகப் பரவி, இப்போது மற்றவர்களும் லப்டொப்போடு வருகிறார்கள். மல்லாவியில் ஒரு சனசமூக நிலையத்துக் கணினி, கம்பி வலை, ஆர்8169. எழும்பினால் இணைப்பு இருப்பதாகக் காட்டும், முகவரி கிடைக்காது. ப்ரீ, போஸ்ட் ஸ்கிரிப்டில் மொடியூல் பெயரை மட்டும் மாற்றிப் போட்டேன், தீர்ந்தது.

ஒட்டுசுட்டானில் ஒரு ரியூசன் நிலையத்தில் பார்த்தது வேறு. அங்கே சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் டொங்கிள். அந்த வகை டொங்கிள்கள் செருகியதும் முதலில் ஒரு சீடி மாதிரித் தங்களைக் காட்டும், விண்டோசுக்கான மென்பொருள் அதற்குள் இருக்கும். லினக்சில் யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் என்ற கருவிதான் அதை மோடமாக மாறச் சொல்லும். சஸ்பென்டில் யூஎஸ்பிக்கு மின்சாரம் அறுந்தால், எழும்பும்போது அது திரும்பச் சீடியாகிவிடுகிறது. எல்எஸ்யூஎஸ்பியைத் தூங்கும் முன்பும் எழும்பின பின்பும் அடித்துப் பார்த்தால், ஒரே டொங்கிளுக்கு இரண்டு வெவ்வேறு எண் வந்திருக்கும், அதில் பிடித்தேன். கழற்றிப் பத்து எண்ணிச் செருகினால் மாறிவிடுகிறது. அங்கே படிப்பிக்கிற அக்கா இதை ஒரு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறார்: "நெற் வராவிட்டால் கணினியை அணைக்க வேண்டாம். டொங்கிளைக் கழற்று. பத்து எண்ணு. செருகு." கீழே யாரோ ஒரு பிள்ளை ஒன்றிலிருந்து பத்து வரை எழுதி வைத்திருக்கிறது.